அம்மா சாய்ந்த திண்டு

இலவம்பஞ்சு உதட்டில் ஒட்டினால் துப்பினாலும் போகாது. எங்கள் வீட்டில் சோற்றிலும் அதுதான், தண்ணீரிலும் அதுதான், அம்மாவின் இருமலிலும் அதுதான். சேலம் அம்மாபேட்டையில் அத்தா மெத்தை தைப்பார், அம்மா பஞ்சு அடைப்பாள். எழுபதுகளின் கடைசியில், எனக்கு ஒன்பது வயதான கோடையில், இரைப்பு முற்றி அவளால் படுக்கவே முடியாமல் போயிற்று. சுவரில் சாய்ந்தே கண்ணை மூடுவாள். முதுகு உரசி உரசிப் புண்ணாகிவிட்டது.

மெத்தைக்காரர் வீட்டில் சாய ஒரு "திண்டு" இல்லையா என்று கேட்பீர்கள். ஆறு இருந்தன. மல்லசமுத்திரத்துப் பண்ணையக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குத் தைத்தவை, பச்சைப் பட்டு உறை போட்டவை, பரண்மேல் இருந்தன. மாப்பிள்ளை சாய்கிற திண்டில் சீக்காளி சாய்ந்தது தெரிந்தால் அந்தப் பக்கம் ஒருத்தரும் நம்மைக் கூப்பிடமாட்டார்கள் என்று அத்தாவுக்குப் பயம்.

வியாழக்கிழமை பெண்களுக்கு "பயான்" நடக்கும், மார்க்கப் பேச்சு. ஆலிம்சா திரைக்கு அந்தப் பக்கமிருந்து சொர்க்கத்தைச் சொல்வார்: வரிசையாகப் போட்ட திண்டுகள், பச்சை விரிப்புகள், உயர்ந்த கட்டில்களில் எதிரெதிரே சாய்ந்திருக்கும் மனிதர்கள், வாசல்தோறும் வந்து ஸலாம் சொல்லும் மலக்குகள் என்ற வானவர்கள், களைப்பு அண்டாத இடம். அந்த வாரம் கேட்டுவிட்டு மெல்ல வீடு வந்த அம்மாவிடம், "அங்க திண்டுக்கெல்லாம் யாரும்மா பஞ்சடைப்பா?" என்றேன். சிரித்தாள், இருமினாள். "நானில்லடி கண்ணு. நான் சாஞ்சுக்கப் போறேன்."

மறுநாள் வெள்ளிக்கிழமை, அத்தா ஜும்ஆ தொழுகைக்குப் போனதும் பரணில் ஏறி ஒரு திண்டை இழுத்து அவள் முதுகுக்குக் கொடுத்தேன். "வேண்டாண்டி, அத்தா வைவாரு" என்று ஆரம்பித்தவள் சாய்ந்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள். கொஞ்சங்கொஞ்சமாக மூச்சு இறங்கியது. வாய் திறந்தபடி தூங்கிப்போனாள்.

அத்தா வந்தார். கத்தவில்லை. நின்று பார்த்தார். பிறகு அவள் தலையை ஒரு கையில் தாங்கி, மறுகையால் திண்டை உருவினார். அம்மா விழித்து முதலில் கேட்டது இதுதான்: "கறை கிறை பட்டிருச்சாங்க, பாருங்க."

நாலாம் நாள் மவுத்தாகிவிட்டாள். குழியில் கன்னத்துக்கு ஒரு மண்கட்டி வைத்ததாகச் சொன்னார்கள். வழக்கம் அதுதான்.

பத்து நாள் கழித்து மல்லசமுத்திரத்துப் பண்ணையக்காரர் வீட்டு அம்மாள் திண்டுகளை எடுக்க வந்தார். அத்தாவைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்றே நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். அந்த அம்மாள் அத்தாவைப் பார்த்தார். "ஏனுங்க பாய், ஒரு வார்த்தை சொல்லி உட்டிருந்தா, சாஞ்சுக்கட்டும்னு சொல்லியிருப்பனுங்களே." ஐந்தை எடுத்துக்கொண்டு ஒன்றை வைத்துவிட்டுப் போனார். அத்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். எங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை.

அந்தத் திண்டில் அத்தா சாகும்வரை சாயவில்லை. அது எலி கடித்துப் போயிற்று, அத்தாவும் போய்விட்டார், வீடு இருந்த இடத்தில் இன்று செல்போன் கடை. பயான் இப்போது போனிலேயே வருகிறது; அதே கட்டில்கள், அதே பச்சை விரிப்புகள். நான் நம்புகிறேன். ஆனால் கேட்கும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது. அவளுக்குப் பட்டு வேண்டாம். மலக்குகள் ஸலாமைக்கூடப் பிறகு வந்து சொல்லட்டும். தூங்குகிறவள் முதுகுக்குப் பின்னாலிருந்து யாரும் திண்டை உருவாமல் இருந்தால் போதும்.