வெள்ளைப் படகைத் தேடியவர்கள்

கரைத்தீவில் ராத்தாவின் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில், கலியாணத்துக்கு வந்த தேத்தண்ணிக் கோப்பைகளுக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய பரிசுக் கிண்ணங்களுக்கும் நடுவில் ஒரு மஞ்சள் பெட்டி இருக்கிறது. சுடுதண்ணிப் போத்தல் அளவுதான். மேலே மடக்கக்கூடிய ஒரு கம்பி, உச்சியில் குமிழ் மூடிய சிறு விளக்கு. வீட்டுக்கு வருகிறவர்கள் "இதென்ன ரேடியோவா?" என்று கேட்பார்கள். "அவர்ட சாமான்" என்று மட்டும் சொல்லிவிட்டு ராத்தா தேத்தண்ணி போடப் போய்விடுவார். ராத்தா என் அக்கா. அவர் என்பது என் மச்சான், ராத்தாவின் கணவர். பெட்டியின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் தாளில் ஒரு படகின் பெயர் வெளிநாட்டு எழுத்தில் இருக்கிறது. அது மச்சான் ஓட்டிய படகின் பெயர் அல்ல. நடந்ததெல்லாம் அந்த ஒட்டுத்தாளுக்குள் அடங்கிவிடும்.

தொண்ணூறில் யுத்தத்தின் நடுவே மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்கள் ஆட்களை வெளியேற்றியபோது மச்சான் இளந்தாரி. உடுத்த சாரத்தோடு கல்பிட்டியில் வந்து இறங்கியவர். அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் அவர் இருந்தது இங்கே, அவருடைய பெயர் இருந்தது அங்கே. புத்தளத்தில் எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் "நீங்க மன்னார் ஆக்கள், அங்க கேளுங்க" என்பார்கள். யுத்தம் முடிந்து மன்னாருக்குப் போனால் "நீங்க இப்ப புத்தளத்து ஆக்கள்தானே" என்பார்கள். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பது எங்களுக்குப் பழமொழி அல்ல, விலாசம். மச்சான் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "நான் மவுத்தானா கணக்குக் கேக்க வாற மலக்குமாரும் முதல்ல மன்னாருக்குத்தான் போய்த் தேடுவாங்க, மச்சான். அதுக்குள்ள நான் தப்பியிருவன்" என்பார். எனக்கும் சிரிப்பு வரும்.

மனிதர்களின் பதிவில் நம்பிக்கை இல்லாத அவருக்குப் படகின் இலக்கத்தில் மட்டும் அசையாத நம்பிக்கை இருந்தது. அதற்குக் காரணம் இருந்தது. யுத்த காலத்தில் கடலுக்குப் போகிறவனின் உயிர், படகின் முன்பக்க அணியத்தில் எழுதிய இலக்கத்தில்தான் தொங்கியது. ரோந்துப் படகிலிருந்து குழாய்க் கண்ணாடியால் முதலில் பார்ப்பது அதைத்தான். இலக்கம் சரி என்றால் உள்ளே இருக்கிற இயந்திரம் யாருடையது, வலை யாருடையது என்று கேள்வி இல்லை. இலக்கம் அழிந்திருந்தால் உள்ளே எத்தனை நல்ல மனிதர்கள் இருந்தாலும் பயனில்லை. படகை விற்றாலும் வாங்கினாலும் அந்த ஓர் இலக்கத்தோடு எல்லாம் கைமாறிவிடும். எங்கள் கரையில் அதுதான் சட்டம், அதுதான் பழக்கம்.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் கல்பிட்டியின் வானம் முழுக்கக் காற்றுப் பட்டங்கள். அவற்றில் தொங்கிக்கொண்டு தண்ணீரில் வழுக்கும் வெள்ளைக்காரர்கள், அவர்களுக்குக் குடில்கள், ஹோட்டல்கள். அந்த ஹோட்டல் முதலாளிகளில் ஒருவருக்கு யொட் என்னும் உல்லாசப் படகு ஒன்று வாங்கும் ஆசை வந்தது. மலேசியாப் பக்கம் ஒரு துறைமுகத்தில் விலைக்கு நின்ற பாய்மரப் படகை வாங்கி, அங்கேயே நீல வர்ணம் அடித்து, புதுப் பெயர் எழுதி, கொழும்பில் நம் நாட்டுப் பதிவு எடுத்துக் கொண்டுவந்தார். அது அந்தப் படகின் மூன்றாவது நாடு, மூன்றாவது பெயர். ஐரோப்பாவில் ஒரு வயதான தம்பதிக்காகக் கட்டப்பட்டு, அவர்களிடமிருந்து இன்னொரு நாட்டுக்காரர் வாங்கி, அவரிடமிருந்து நம் முதலாளிக்கு வந்தது. இதெல்லாம் பிறகு தெரிந்த சங்கதி. எங்கள் கண்ணுக்கு அது பிறந்ததே நீல நிறத்தில்தான்.

மச்சான் அதன் ஓட்டியானார். பதிவு இலக்கத்தை அணியத்தில் தன் கையாலேயே எழுத வேண்டும் என்று நின்றார். எழுதி முடித்த அன்று என்னைக் கூட்டிக்கொண்டுபோய் உள்ளே எல்லாம் காட்டினார். படிக்கட்டின் பக்கத்துச் சுவரில் அந்த மஞ்சள் பெட்டி மாட்டியிருந்தது. ஆபத்து என்றால் இதன் பொத்தானை அமத்தினால் போதும், வானத்தில் சுற்றுகிற செய்மதி கேட்டு ஆட்களை அனுப்பும் என்றார். முதலாளி சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். உயிர்காக்கும் மிதவை காலாவதியாகிக் கிடந்ததை மாற்றித்தரச் சொல்லி மச்சான் பலமுறை கேட்டும் அது வரவில்லை. யானை வாங்கியவன் அங்குசம் வாங்க அழுத கதைதான். இந்தப் பெட்டி யார் பேரில் இருக்கிறது என்று நான் விளையாட்டாகக் கேட்டேன். மச்சான் வர்ணம் காயாத கையை வெளியே நீட்டிக் காட்டினார். "படகுக்குப் பேர் வச்சாச்சு, நம்பர் போட்டாச்சு. இனி இதுக்குள்ள இருக்கிற ஆணிகூட எங்கட நாட்டு ஆணிதான்."

பெட்டிக்கு அப்படி இல்லை. அதற்கென்று தனிப் பதிவு உண்டு. எந்த நாட்டில் பதிந்ததோ அந்த நாட்டின் அடையாளத்தைத்தான் அது வானத்துக்குச் சொல்லும். படகு கைமாறினால், கொடி மாறினால், அதையும் திறந்து புதிதாகப் பதித்து, புதிய சொந்தக்காரரின் பெயரையும் தொலைபேசியையும் கொடுக்க வேண்டும். இரண்டாவது சொந்தக்காரர் அதைச் செய்யவில்லை. நம் முதலாளிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. படகைப் பதிந்த கந்தோரில் யாரும் கேட்கவில்லை, கேட்கும் வழக்கமும் அப்போது இல்லை. மஞ்சள் பெட்டி மூன்று நாடு கடந்து வந்து கல்பிட்டியில் நின்றது, பெயரை மட்டும் முதல் ஊரிலேயே விட்டுவிட்டு. தன்னைப் போலவே ஒரு அகதியைத்தான் மச்சான் சுவரில் மாட்டி வைத்திருந்தார். அது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

ஒரு மார்கழியில் முதலாளி சில வெள்ளைக்காரர்களை அந்தப் படகில் மாலைதீவுக்கு அனுப்பினார். அவர்கள் அங்கே இறங்கி விமானத்தில் ஊர் போய்விட்டார்கள். வெறும் படகைத் திருப்பிக் கொண்டுவர மச்சானும், இயந்திரம் பார்க்கிற சிலாபத்துச் சிங்களவர் ஒருவரும் மட்டும் இருந்தார்கள். அந்தக் கிழமைதான் கடலில் தாழமுக்கம் உண்டாகிப் புயல்காற்று எழும்பியது. நான் அப்போது மீனவர் சங்கத்து வயர்லஸ் அறையில் வேலை. நாட்கணக்கில் கடலில் நின்று மீன்பிடிக்கிற பலநாள் படகுகளோடு கதைப்பதும் காலநிலை சொல்வதும் என் பொறுப்பு. மச்சான் நிதானமான ஆள், காற்று அடங்கும் வரை மாலைதீவிலேயே நிற்பார் என்று வீட்டிலும் சொன்னேன், மனதிலும் அப்படியே நினைத்தேன். அவர் அதற்கு முதல் நாளே புறப்பட்டுவிட்டார் என்பது எங்களுக்குத் தெரியாது.

ஒரு காலையில் கொழும்பிலிருந்து அறிவித்தல் வந்தது. ஐரோப்பிய நாடொன்றில் பதிந்த யொட் ஒன்றின் ஆபத்துக் கருவி நம் மேற்குக் கடலில் ஒலிக்கிறது. அந்தப் பதிவில் உள்ள தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. கருவி பழைய வகை, இடத்தைத் துல்லியமாகச் சொல்லாது, சுற்றுவட்டாரத்தைத்தான் சொல்லும். கடற்படையும் தேடுகிறது, மீன்பிடிப் படகுகளும் பார்க்கட்டும் என்றார்கள். பதிவில் இருந்ததை அப்படியே எழுதிக்கொண்டு ஒலிவாங்கியை எடுத்தேன். "எல்லாப் படகும் கவனிக்க. வெள்ளைக் கலர் யொட் ஒண்டு ஆபத்தில இருக்கு. வெளிநாட்டுக் கொடி. வயசான புருசனும் பொஞ்சாதியும் உள்ள இருக்கிறாங்க. கண்டா உடன கூப்பிடுங்க." தமிழில் சொன்னேன், சிங்களத்தில் சொன்னேன். பதிவில் இருந்த படகின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அன்று முழுவதும் சொன்னேன், மறுநாளும் சொன்னேன். என் வேலையை நான் ஒழுங்காகச் செய்தேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, ஆனால் அதில் ஆறுதலும் இல்லை.

ராத்தா அறைக்கு வந்தார். வெளியே மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. நனைந்த முக்காட்டோடு வாசலில் நின்று, "எங்கட படகைப் பத்தி ஏதும் கதை வந்ததா தம்பி?" என்று கேட்டார். இல்லை என்றேன். நீலப் படகைப் பற்றிக் கொழும்பிலும் கேட்டுவிட்டேன், இலங்கைப் பதிவுள்ள எந்தக் கருவியும் ஒலிக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். "மச்சானுக்கிட்ட மஞ்சள் பெட்டி இருக்கு. ஆபத்தெண்டா அமத்தியிருப்பார். அமத்தல்ல எண்டா நல்லா இருக்கிறார். ஆபத்து வந்தது வேற ஆருக்கோ, ஒரு வெள்ளைக்காரக் கிழவருக்கும் அவர்ட மனுசிக்கும்." ராத்தாவின் முகம் தெளிந்தது. அடுத்த கணமே வாடியது. "பாவம் அந்த மனுசி. இந்தத் தண்ணிக்குள்ள என்ன பாடு படுறாவோ" என்றார். போகும்போது, அவவுக்காக அல்லாஹ்விடம் துஆ கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கடுத்த நாள் பேருவளைப் படகொன்று கூப்பிட்டது. ஒரு ஆளைத் தண்ணீரிலிருந்து தூக்கியிருக்கிறோம், உயிர் இருக்கிறது என்றார்கள். வெள்ளைக்காரரா என்று கேட்டேன். இல்லை, நம் நாட்டு ஆள், சிலாபத்தான், பிளாஸ்டிக் பீப்பா ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தான் என்றார்கள். இடுப்பில் ஒரு மஞ்சள் பெட்டியைக் கயிற்றால் கட்டியிருக்கிறான், அதன் விளக்கு இன்னும் விட்டு விட்டு எரிகிறது என்றார்கள். நான் எழுதி வைத்திருந்த அறிவித்தலைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். வெள்ளைப் படகும் நீலப் படகும் ஒரே படகு என்பது எனக்கு அந்த நேரத்தில்தான் விளங்கியது.

மெக்கானிக் ஆஸ்பத்திரியில் படுத்தபடி, சிலாபத்து ஆட்கள் பேசுகிற கலந்த தமிழில் எங்களுக்கு எல்லாம் சொன்னார். பாய்மரம் முறிந்து, இயந்திரத்துக்குள் தண்ணீர் போய், படகு மேல்தட்டு வரை அமிழ்ந்து கிடந்தது. மச்சான் பெட்டியை அமத்திவிட்டு அமைதியாகத்தான் இருந்திருக்கிறார். "பயப்படாதீங்க, இப்ப எங்கட ஆக்கள் கேட்டிருப்பாங்க. என்ட மச்சான் வயர்லஸ்லதான் இருக்கிறான். படுக்கவும் போகமாட்டான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். காற்று குறைந்த பகலில் பலநாள் படகொன்று தூரத்தில் வந்தது. இருவரும் சட்டையைக் கழற்றி ஆட்டினார்கள். அது கொஞ்ச நேரம் நின்று, பிறகு திசை மாற்றிப் போய்விட்டது. "அது ஏன் போனது எண்டு மட்டும் அண்ணனுக்கு விளங்கல்ல" என்றார் மெக்கானிக். அன்று பின்னேரம் படகு முழுதாக மூழ்கியது. மச்சான் பெட்டியைக் கழற்றி மெக்கானிக்கின் இடுப்பில் கட்டினார். நீங்கள் வயது குறைந்தவர், உங்களிடம் இருக்கட்டும் என்றாராம். பொழுது சாயும் நேரம் ஒரு பெரிய அலைக்குப் பிறகு மச்சானைக் காணவில்லை.

திசை மாற்றிய படகின் ஓட்டியை எனக்குத் தெரியும். எங்கள் கரைதான். அவரே தேடி வந்து என் முன்னால் நின்று அழுதார். "நீலமா ஒண்டு கெடந்தது தம்பி. கொடியும் இல்ல, மரமும் இல்ல. எங்கட படகொண்டு தூண்டில் போட்டுக் கெடக்கு எண்டு நெனச்சன். நான் வெள்ளைப் படகைத் தேடி அவசரமாப் போனன். நீங்கதானே வெள்ளை எண்டு சொன்னீங்க." அவர் குற்றம் சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொன்னார். என்னால் அவரைத் தேற்ற முடிந்தது என்று சொன்னால் அது பொய்.

மையித்து கிடைக்கவில்லை. பள்ளிவாசலில், உடல் இல்லாதவருக்குத் தொழும் காயிப் ஜனாஸா தொழுதோம். ராத்தா நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இத்தா இருந்தார். மரணத்தைப் பதியப் போனபோது எந்த ஊர் என்ற கேள்வி திரும்பவும் எழுந்தது. உடல் இல்லை, நடந்தது நாட்டு எல்லைக்கு வெளியே, பிறந்த பதிவு மன்னாரில். மலக்குமாரைப் பற்றி அவர் சொன்ன பகிடி அங்கே வரிசையில் நின்றபோது என் காதில் கேட்டது. பெட்டியின் பதிவில் இருந்த முதல் சொந்தக்காரரைப் பற்றியும் பிறகு தெரியவந்தது. அவர் காலமாகி வெகு நாளாகியிருந்தது. ஆளில்லாத ஒரு வீட்டில் யாருக்காகவோ தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. மெக்கானிக் குணமானதும் கரைத்தீவுக்கு வந்து மஞ்சள் பெட்டியை ராத்தாவின் கையில் கொடுத்தார். வேறு எதைக் கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

இன்று கல்பிட்டிக்கு வருகிற யொட்காரர்களிடம் நானே போய்க் கேட்கிறேன், பெட்டி யார் பேரில் இருக்கிறது, எந்த நாட்டுக்குக் கூப்பிடும் என்று. சிலர் சிரிப்பார்கள், சிலர் முகம் வெளிறி உள்ளே ஓடுவார்கள். படகுகளுக்கு அறிவித்தல் சொல்லும்போதும் நிறத்தையும் பெயரையும் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒன்று சேர்க்கிறேன்: எது மிதந்தாலும் கிட்டப் போய்ப் பாருங்கள். சென்ற நோன்புப் பெருநாளுக்குக் கரைத்தீவுக்குப் போனபோது ராத்தா அலுமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெட்டியை எடுத்துத் துடைத்து, அந்த ஒட்டுத்தாளையும் முந்தானையால் துடைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னும் எதுக்கு ராத்தா அந்தப் பேரை வச்சிருக்கிறீங்க? உரிச்செறிவம்" என்றேன்.

"இருக்கட்டும்" என்றார். "அண்டைக்கு நான் அந்த வெள்ளைக்கார மனுசிக்குத்தான் அழுது அழுது துஆ கேட்டன். அது ஆருக்குப் போய்ச் சேரவேணும் எண்டு அல்லாஹ்வுக்குத் தெரியும். பேரைப் பாத்துத் தேடினது நீங்கதான்."

சொல்லிவிட்டுப் பெட்டியைக் கோப்பைகளுக்கு நடுவே, ஒட்டுத்தாள் சுவரைப் பார்க்கும்படி, இருந்த இடத்திலேயே வைத்தார்.