கடைசிப் பாரம் வராத வீடு

சென்ற வியாழக்கிழமை காலை, ஆபீசுக்குப் போகும் வழியில் புரூப் பார்ப்பதற்காக அச்சுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் கைவண்டி ஒன்று வந்து நின்றது. இரண்டு நாள் முன்னால் மடிப்பதற்காக வெளியே போன என் நாவலின் தாள்கள் கட்டுக் கட்டாகத் திரும்பி வந்திருந்தன. ஒன்றுகூட மடிக்கப்படவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். வண்டிக்காரர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, "மடிக்கிற அம்மா தவறிடுச்சு சார். பாய் இத்த குடுத்துட்டு வரச் சொன்னாரு" என்றார். அன்றைக்கு நான் ஆபீசுக்குப் போகவில்லை.

ஹலீமா ஆபாவை உங்களில் அநேகருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் இந்த மாசிகையையும் இதன் நாவல்களையும் ஏழெட்டு வருஷமாக வாங்குகிறவர்களுக்கு அவர் அந்நியர் இல்லை. உங்கள் கைக்கு வந்த ஒவ்வொரு புத்தகத்தையும் உங்களுக்கு முன்னால் தொட்டவர் அவர். முதலில் படித்தவரும் அவர்தான். அவரைவிடக் கூர்மையான வாசகரை நான் இந்தப் பட்டணத்தில் பார்த்ததில்லை. அவர் இருந்த காலத்தில் இதை அவரிடம் ஒரு முறைகூடச் சொல்லாமல் இருந்துவிட்டேன். சொல்லாமல் விட்டது அது ஒன்று மட்டும் அல்ல.

ஆபா என்றால் உருதுவில் அக்கா. பைண்டர் காசிம் பாயின் அக்கா அவர். பிறகு சந்து முழுவதற்குமே ஆபா ஆகிவிட்டார். கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், தகரக் கடைக்கு மேலே ஒரே அறையில் அக்காளும் தம்பியும் குடியிருந்தார்கள். ஏறுவதற்கு ஏணி மாதிரி செங்குத்தான மரப்படி. யுத்தம் தொடங்கிய வருஷத்து மழையில் ஆபா அந்தப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டு மேலே தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவர் இறங்கவே இல்லை. ஜன்னலைத் திறந்தால் இரண்டு முழத்தில் பக்கத்து வீட்டுச் சுவர். பகல் முழுக்கக் கீழே தகரம் தட்டுகிற சத்தம். அந்த அறையில் சுவரில் சாய்ந்து, மடியில் ஒரு பலகையை வைத்துக்கொண்டு, வழவழவென்று தேய்ந்த மூங்கில் பட்டையால் தாள்களை மடித்துக்கொண்டே இருந்தார்.

பதினாறு பக்கம் அச்சான பெரிய தாளுக்கு அச்சுக்கூடத்தில் பாரம் என்று பெயர். அதை மடித்தால்தான் பக்கங்கள் வரிசைக்கு வரும். மடிக்காத தாளில் ஒன்றாம் பக்கத்துக்கு அருகில் பதினாறாம் பக்கம் இருக்கும். பாதிப் பக்கங்கள் தலைகீழாக நிற்கும். ஆபா அப்படியேதான் படித்தார். முனிசிபல் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்த தமிழ் அது. பாரங்களும் வரிசையாக வந்து சேரும் என்று சொல்ல முடியாது. பிணம் மூன்றாம் பாரத்தில் கிடக்கும். செத்தவர் யார் என்பது அடுத்த வாரம் முதல் பாரம் வந்த பிறகுதான் தெரியும். துப்பறிகிற வேலையை நான் என் கதாநாயகனுக்குக் கொடுத்திருந்தேன். உண்மையில் அதைச் செய்துகொண்டிருந்தவர் ஆபா.

இது எனக்குத் தெரியவந்த விதத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு முன்னால், ஒரு நாவலின் ஐந்து பாரம் அச்சாகி மடிக்கப் போயிருந்தது. ஆறாவதும் கடைசியுமான பாரம் என் மேஜைமேல் பாதி எழுதிக் கிடந்தது. காசிம் பாய் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர்கள் நடுவே சாவகாசமாகச் சொன்னார்: "கொல பண்ணது அந்த டாக்டரோட தம்பிதானாம். ஆபா சொல்லுது." எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரின் தம்பிதான் கொலைகாரன். அதை நான் இன்னும் எழுதி முடித்திருக்கவில்லை.

நியாயமாக எனக்கு வந்திருக்க வேண்டியது மரியாதை. வந்தது கோபம். நேரே முதலாளியிடம் போய், மடிக்கிற இடத்திலிருந்து கதையின் முடிவு வெளியே கசிகிறது என்று சொன்னேன். அந்தப் பாரம் இன்னும் அச்சாகவே இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால், மர்மம் என்று நான் கட்டியதை ஒரு மடிக்கிற பெண்மணி மாடியில் உட்கார்ந்தபடியே அவிழ்த்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். முதலாளி அன்றைக்கே உத்தரவு போட்டார். அன்றுமுதல் துப்பறியும் நாவல்களின் கடைசிப் பாரம் வெளியே போகக் கூடாது, அச்சுக்கூடத்திலேயே மடிக்க வேண்டும். நான் ஜெயித்துவிட்ட மாதிரி லஸ் முனையில் டிராம் ஏறினேன்.

அடுத்த சித்திரையில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஊர் காலியானது. என் குடும்பத்தைக் காஞ்சீபுரத்துக்கு அனுப்பிவிட்டு, ஆபீஸ் விடாததால் நான் மட்டும் இருந்தேன். மயிலாப்பூர்த் தெருக்களில் நம் காலடிச் சத்தம் நமக்கே கேட்கும். வண்டிக்காரர்கள் யாரும் இல்லாததால் ஒரு கட்டுத் தாளை நானே சுமந்துகொண்டு அந்த மரப்படியில் முதல்முறையாக ஏறினேன். ஆபா என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். ஒல்லியான முகம், கண்ணாடிக்குப் பின்னால் ஓயாமல் அளக்கிற கண்கள். நாலு பேரைப் பிடித்து அவரைக் கீழே இறக்கி வெளியூருக்கு அனுப்பிவைக்கிறேன் என்றேன். "எறக்கிடுவீங்க. திருப்பி ஏத்துறது யாரு?" என்று கேட்டார். அதை விட்டுவிட்டு, டாக்டரின் தம்பியைப் பற்றி அவர் ஊகித்தது சரிதான் என்று சொல்ல ஆரம்பித்தேன். கையைத் தூக்கி நிறுத்திவிட்டார். அந்தப் பாரம் தன் வீட்டுக்கு வருகிற அன்றைக்குத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

மறு மாதம், கடைசிப் பாரமும் சேர்த்துப் பைண்ட் ஆன அந்தப் புத்தகத்தையே எடுத்துக்கொண்டு போனேன். வாங்கவில்லை. "கதைய வெளிய சொல்லிட்டேன்னு எனக்குப் பேரு வெச்சாங்க. நம்பி மடிக்கக் குடுத்தா படிப்பேன். பாவம்னு குடுத்தா வேணாம்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதனால் எனக்கு இன்னும் கஷ்டமாகப் போயிற்று. புத்தகத்தைத் திரும்பவும் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆனாலும் மாதா மாதம் போனேன். பாவத்தைக் கழுவத்தான் முதலில் போனேன் என்று வைத்துக்கொண்டாலும், பிறகு போனதெல்லாம் அவர் பேச்சைக் கேட்கத்தான். எங்கள் அச்சுக்கூடத்தில் அச்சான எல்லாவற்றையும் பற்றி அவருக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. சீமைக்குக் கப்பலில் போய்வந்த ஒரு வக்கீல் எழுதிய பயண நூலைப் பற்றி, மூன்று பாரம் கடலிலேயே போகிற மனிதருக்கு ஒரு தடவைகூடப் பசி எடுக்கவில்லையே என்று வருத்தப்பட்டார். யுத்த காலத்தில் வீட்டு வைத்தியம் பற்றி வந்த ஒரு புத்தகத்தில், ஒவ்வொரு வியாதிக்கும் கடைசியில் நல்ல காற்றில் உலாவச் சொல்லியிருப்பதை எனக்குப் படித்துக்காட்டி, ஜன்னலுக்கு வெளியே இருந்த சுவரைக் காட்டினார். எல்லோரும் கண்ணீர் விட்டுப் படித்த ஒரு குடும்ப நாவலைப் பற்றி அவர் சொன்னதை அவர் வாயாலேயே தருகிறேன்: "அந்த மருமவ பன்னண்டு பாரமும் பொறுத்துக்கினே கீறா. ஒரு பாரத்துலயாவது கோவம் வந்திருந்தா நான் நம்பியிருப்பேன்." காகிதக் கட்டுப்பாட்டால் நாவல்கள் இளைத்துப்போனபோது அவருக்குச் சந்தோஷம். எழுத்தாளர்கள் இப்போதெல்லாம் வானத்தை வர்ணிக்காமல் சீக்கிரம் கொலைக்கு வந்துவிடுகிறார்கள் என்றார்.

ஒரு நாள் என் கஷ்டத்தை அவரிடம் கொட்டினேன். மாதம் ஒரு கொலை எழுதி எழுதி அலுத்துவிட்டது, என் துப்பறிவாளனைச் சாகடிக்க முதலாளி விடமாட்டேன் என்கிறார், வாசகர்களும் விடமாட்டேன் என்கிறார்கள், மாட்டிக்கொண்டுவிட்டேன் என்று புலம்பினேன். ஆபா மடித்துக்கொண்டே கேட்டார்: "உங்களுக்குக் கால் நல்லாத்தானே கீது?"

இன்னொரு விஷயத்தையும் இங்கே பகிரங்கமாகச் சொல்லிவிட வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த என் நாவலில், ஒரு பெண்ணை அறையில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். அவள் நாலாம் நாள், தன் புடவைத் தலைப்பைக் கிழித்துத் துடைப்பமாக முடிந்து, அந்த அறையைப் பெருக்க ஆரம்பிப்பாள். அந்தப் பக்கத்தைப் பாராட்டி உங்களில் எத்தனையோ பேர் கடிதம் எழுதினீர்கள். அது என் பக்கம் அல்ல. அதற்கு முந்தின நாவலில் நான் பூட்டிவைத்த பெண் கதவைத் தட்டித் தட்டிக் கதறினாள். ஆபா அந்தத் தாளை என் பக்கம் திருப்பி வைத்து, "கத்துறது மொத நாளு. நாலாம் நாளு பெருக்க ஆரம்பிச்சுடுவாங்க. அந்த எடம் நம்முதுன்னு ஆயிடும்ல?" என்றார். அப்படியே எடுத்து எழுதிக்கொண்டேன். அந்தப் பாரத்தையும் அவர்தான் மடித்தார். அந்தப் பெண் நன்றாகப் பெருக்குகிறாள் என்று மட்டும் சொன்னார். அவள் வெளியே வந்தாளா என்று கேட்கவில்லை. அது கடைசிப் பாரத்தில் இருந்தது.

முதலாளியிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு மாதமும் படி இறங்கும்போது சொல்லிவிடுவதாக முடிவு செய்வேன். அச்சுக்கூட வாசலை மிதித்ததும் புரூப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். மாதம் ஏற ஏற, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. ஆபா அந்த அறையில் கிடந்தார். நான் இந்தப் பொய்யில் கிடந்தேன். இந்தக் கார்த்திகையில் அவருக்கு இருமல் கண்டது. மடிக்கிற கை நடுவில் நின்று நின்று போயிற்று. அதைப் பார்த்த பிறகுதான், போன வாரம் முதலாளி முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சிரித்தார். "இதுக்கா ஐயா அஞ்சு வருஷம்?" என்றார். கட்டுகளோடு கடைசிப் பாரத்தையும் சேர்த்து அனுப்பச் சொன்னார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஐந்து வருஷமும் என் கால் நன்றாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை கட்டுகள் போயின. நான் உடனே போகவில்லை. அவர் படித்து முடிக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை போய் நேரில் மன்னிப்புக் கேட்கலாம் என்று இருந்துவிட்டேன். வியாழக்கிழமை நான் ஓடிப்போனபோது சந்து நிறைய ஆட்கள். அந்தப் படியில் சந்தூக்குப் பெட்டியைத் திருப்ப முடியாததால் ஆபாவின் மையத்தைத் துணியோடு சேர்த்து ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து இறக்கினார்கள். தகரக் கடையில் சுத்தியல் நின்றிருந்தது. படியின் அடியில் நானும் ஒரு கை கொடுத்தேன். திருப்பி ஏற்றுவது யார் என்று அவர் கேட்டது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காசிம் பாயைப் பார்க்கப் போனேன். பலகையின்மேல் மடித்த தாள் ஒன்று இருந்தது. அத்தனை கட்டுகளையும் விட்டுவிட்டு ஆபா கடைசியாக மடித்தது அது ஒன்றைத்தான் என்றார். பார்த்தேன். கடைசிப் பாரம். படித்துவிட்டு என்ன சொன்னார் என்று கேட்டேன். ஒரு பக்கம் முன்னாலேயே முடித்திருக்கலாம் என்றாராம். அன்று இரவு வீட்டுக்கு வந்து புரூப்பைப் பார்த்தேன். அவர் சொன்னது சரி.

நான் அங்கே இருக்கும்போதே காசிம் பாய் பலகையை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "ஆபா கட்டப் பிரிச்சு அந்தத் தாளப் பாத்ததும், ரைட்டரு சொல்லிட்டாரு போலக் கீதுன்னுச்சு சார்" என்றார். எனக்குப் புரியவில்லை. அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "கடைசிப் பாரத்த நிறுத்துனது யாருன்னு ஆபாவுக்கு மொத மாசமே தெரியும். கொலகாரன் யாருன்னு ஆபா சொன்னப்போ அந்தப் பாரம் அச்சாவவே இல்ல, அது தெரிஞ்ச ஆளு எழுதுனவருதான், அவரு வாயத் தொறந்திருந்தா இந்த உத்தரவே வந்திருக்காதுன்னு சொல்லுச்சு." அப்படியானால் ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன். "கேட்டா நீங்க வர்றத நிறுத்திடுவீங்கன்னுதான். பொஸ்தகத்தப் பத்திப் பேச எனக்கு வேற யாரு கீறாங்கன்னுச்சு."

கிளம்பும்போது காசிம் பாய் அந்தத் தாளை என் கையில் கொடுத்தார். அதன் மடிப்பைப் பிரிக்காமல், ஓரத்தை வெட்டாமல், என் மேஜைமேல் வைத்திருக்கிறேன். மூங்கில் பட்டையால் அழுத்திய கோடு விரலுக்குத் தட்டுப்படுகிறது. ஆபாவிடமிருந்து என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். காசிம் பாய் இதை நம்பிக் கொடுத்தாரா, பாவம் என்று கொடுத்தாரா என்று அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.