டிபி என்றதும் கேசரி

டாக்டர் வாயிலிருந்து ‘டிபி’ என்ற வார்த்தை வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? போன மாதம் நாங்கள் வீட்டுக்கு வந்து கேசரி கிண்டினோம். முந்திரிப்பருப்பு தாராளமாகப் போட்டு.

கிறுக்குப் பிடித்துவிட்டதா என்கிறீர்களா? நடந்ததைச் சொல்கிறேன்.

என் மனைவி பகவதி, திருவனந்தபுரம் ஆரியசாலையில் ஒரு மிளகாய் மொத்தக் கடையில் அக்கவுன்டன்ட். மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவளுக்கு இருமல் வந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? “எல்லாம் மிளகாய் நெடி.” அவள் சொன்னாள், முதலாளி சொன்னார், நானும் சொன்னேன். மூச்சில் விசில் சத்தமும் சேர்ந்தபோது ஒரு டாக்டர் ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. சளி டெஸ்டிலும் ஒன்றும் இல்லை. ஆனால் இருமல் நிற்கவில்லை. ஆளும் மெலிந்துகொண்டே வந்தாள்.

கடைசியில் நெஞ்சு நோய்க்குப் பார்க்கிற ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். மலையாளி, தமிழும் மலையாளமும் கலந்து நிதானமாகப் பேசுவார். முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர் எடுக்கவே இல்லை. வலது, இடது, மறுபடி வலது, மறுபடி இடது...

“பகவதி, விசில் இடது பக்கம் மட்டும்தான் கேக்குது. ஆஸ்துமான்னா சாதாரணமா ரெண்டு பக்கமும் கேக்கணும். ஒரு ஸ்கேன் எடுத்து நோக்காம், கேட்டோ.”

ஸ்கேனில், இடது மூச்சுக்குழாயைக் கட்டி மாதிரி ஏதோ ஒன்று பாதி அடைத்திருந்தது. “உள்ளே கேமரா விட்டு, துளி சதை எடுத்து டெஸ்ட் பண்ணாம ஒண்ணும் சொல்ல முடியாது” என்றார். கேன்சர் என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. ஆட்டோவில் திரும்பி வரும்போது நாங்களும் சொல்லிக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் பகவதி என்னைக் கூப்பிட்டு, வாஷிங் மெஷினில் எந்த பட்டன் எதற்கு என்று காட்டித் தந்தாள்.

“இப்ப எதுக்கு இது?”

“சும்மாத்தான். கலர் துணியத் தனியாப் போடணும், மறந்திராதீங்க.”

தலையாட்டினேன். பிறகு பாத்ரூமுக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார்கள். சதை எடுத்தார்கள். ரிசல்ட் வந்த அன்று டாக்டர் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தார்.

“டிபிதான். மூச்சுக்குழாயோட உள்சுவர்ல இருக்கு. அதான் எக்ஸ்ரேல தெரியல, சளியிலயும் சிக்கல.”

“கேன்சர் இல்லையா டாக்டர்?” என்றாள் பகவதி.

“இல்ல.”

என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இருமினாள். மறுபடி சிரித்தாள். “டிபின்னு கேட்டு சந்தோஷப்படுற ஆளை நான் கண்டதே இல்ல” என்று டாக்டரும் சிரித்துவிட்டார். பிறகு கறாராகச் சொன்னார்: மாத்திரையைப் பாதியில் நிறுத்தக் கூடாது, கொஞ்ச நாளைக்கு லீவும் மாஸ்க்கும், புண் ஆறும்போது மூச்சுக்குழாய் சுருங்கலாம் என்பதால் பின்னால் மறுபடி கேமரா. எனக்கும் டெஸ்ட் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை.

கேசரி ஆனதும் பகவதி நாகர்கோவிலில் இருக்கும் அக்காவுக்கு ஃபோன் போட்டாள். ஸ்பீக்கரில். மாஸ்க் போட்டிருந்ததால் வழக்கத்தைவிடச் சத்தமாக.

“அக்கா, எனக்கு டிபியாம்.”

“ஏட்டி, பையப் பேசு. பக்கத்து வீட்டுக்குக் கேக்கப் போவுது.”

“கேக்கட்டும். அங்கயும் சங்கரலிங்கம் சார் ரொம்ப நாளா இருமிக்கிட்டுதான் இருக்காரு.”

சுகரையும் பிரஷரையும் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து உரக்கப் பேசுகிறோம். யாருக்கு எத்தனை மாத்திரை என்று போட்டிகூட நடக்கிறது. முழுசாகக் குணமாகிற டிபிக்கு மட்டும் ஏன் குரல் இறங்குகிறது?

இப்போது பகவதிக்கு இருமல் நன்றாகக் குறைந்திருக்கிறது. பசி வந்துவிட்டது. என் தட்டிலிருந்தும் எடுக்கிறாள்.

அந்த ஃபோனுக்கு மறுநாள் காலையில் காலிங் பெல் அடித்தது. திறந்தால் வாசலில் சங்கரலிங்கம் சார். கொஞ்சம் தயங்கி, ஒரு முறை இருமிவிட்டுக் கேட்டார்:

“உங்க டாக்டரம்மா எத்தன மணிக்கு வருவாங்க?”

சில விஷயங்களைப் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் பேச வேண்டும்.