ஒரே மூலையில் இரண்டு பெட்டிகள்

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஒரு குறையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கூடத்தின் வலது மூலையில், ஒரு ஸ்டூலின்மேல், ஒன்றின் தலையில் ஒன்றாக இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் உட்கார்ந்திருக்கும்.

"இன்னாங்க இது, ரெண்டையும் ஒண்ணா அடுக்கி வெச்சிருக்கீங்க? மூலைக்கு ஒண்ணா வெச்சாதானே ஸ்டீரியோ?" என்று ஆரம்பிப்பார்கள்.

தெரிந்தவர் என்றால் "இடம் கம்மி" என்பேன். அவ்வளவாகத் தெரியாதவர் என்றால் "வாஸ்து" என்பேன். வாஸ்து என்றதும் எவரும் மேற்கொண்டு கேட்பதில்லை. ஒருவர் தன் வீட்டுக்குப் போய் அதேபோல அடுக்கியும் வைத்துவிட்டார். அந்தப் பாவம் என்னைச் சேரட்டும்.

உண்மைக் காரணம் என் மனைவியின் இடது காது. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அதைக் கொண்டுபோய்விட்டது. பெண் பார்க்கப் போனபோதே அவள் அம்மா மறைக்காமல் சொன்னார். நான் அங்கேயே, "நான் பேசறதுல பாதி காதுல விழாம இருந்தா பொண்ணுக்கு நல்லதுதாங்க" என்றேன். என் அப்பா என்னை முறைத்தார். பெண் உள்ளே சிரித்த சத்தம் கேட்டது. கல்யாணம் அப்போதே முடிவாகிவிட்டது என்பது என் கணக்கு.

இந்த ஊரில் சாமியே தன் இடது பாதியை அம்மனுக்குக் கொடுத்தவர். நானும் என் இடது பக்கத்தைத்தான் அவளுக்குக் கொடுத்தேன். பஸ்ஸில், சினிமாக் கொட்டகையில், விருந்துப் பந்தியில், எங்கும் அவள் எனக்கு இடப்பக்கம். பக்தியெல்லாம் இல்லை. அப்போதுதான் அவளுடைய நல்ல காது என் பக்கம் இருக்கும்.

என் காதுகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கீழ்பென்னாத்தூரில் ஒரு கடலை எண்ணெய் மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து சாயங்காலம்வரை பக்கத்து அறையில் மிஷின் உறுமும். "மழை வருது" என்பதையே அங்கே கத்தித்தான் சொல்ல வேண்டும். அதனால் எனக்கு இரண்டு காது இருந்தும், சத்தமாக இருந்தால் நல்ல பாட்டு, சத்தமில்லாவிட்டால் சுமாரான பாட்டு. இவ்வளவுதான் என் சங்கீத ஞானம். அவளோ ஒற்றைக் காதால், பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனையாவது விசிலில் மூச்சு வாங்குகிறது என்று சொல்லிவிடுவாள்.

ஒருமுறை துபாயிலிருந்து வந்த என் மைத்துனன் அவளுக்கு ஒரு வாக்மேன் கொடுத்தான். அவளுக்கு உயிரான ஒரு பழைய சினிமாப் பாட்டு. நடுவில் ஒரு புல்லாங்குழல் வரும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டவள் முகம் சுருங்கியது.

"புல்லாங்குழல் எங்கடா போச்சு?"

"இடது பக்கம் வரும்க்கா" என்று சொன்னவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவள் ஹெட்போனை இடம்வலமாக மாற்றி மாட்டிக்கொண்டு பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டாள். இப்போது புல்லாங்குழல் வந்தது, வயலின்கள் போய்விட்டன. முடிந்ததும் சிரித்துக்கொண்டே, "எனக்கு மட்டும் ரெண்டு தடவ கேட்டாதான் ஒரு பாட்டு" என்றாள்.

அவள் அதை வருத்தமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது ஜோக் அடித்துத் தப்பித்திருப்பேன். சிரித்துக்கொண்டு சொன்னதால் வழியில்லாமல் போனது. வீட்டுக்கு ஒரு செட் வாங்குவது, அதில் அவள் ஒரு முழுப் பாட்டை ஒரே தடவையில் கேட்பது என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்ததோடு நின்றிருக்கலாம். கடைக்கும் நானே கூட்டிக்கொண்டு போனேன்.

பெரிய தெருப் பக்கம் ஒரு கடை. சுவர் முழுக்க ஸ்பீக்கர்கள். நடுவில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு ஜோடி நின்றது. பாட்டுக்கு ஏற்றபடி சிவப்பும் பச்சையுமாக விளக்கு எரியும். பார்த்த மாத்திரத்தில் என் மனம் போய்விட்டது. கடைக்காரர் தன் கேசட்டைப் போட்டு டிரம் அடிக்கவிட்டார். கண்ணாடிக் கதவு நடுங்கியது. எதிரில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்துத் திட்டியது வாயசைவில் தெரிந்தது. ஆஹா, இதுவல்லவா செட் என்று நினைத்துக்கொண்டேன்.

மனைவி பையிலிருந்து தன் கேசட்டை எடுத்து நீட்டினாள். "இதப் போடுங்க. எல்லாத்துலயும் இதே பாட்டைப் போடுங்க."

கடைக்காரர் ஒவ்வொரு ஜோடியாகப் போட்டுக் காட்டினார். அவள் நாற்காலியில் நேராக உட்காரவில்லை. ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பினாள், ஒரு தடவை அந்தப் பக்கம். ஒரு கட்டத்தில் ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள்.

"மேடம், ஸ்பீக்கர் இந்தப் பக்கம் இருக்குது" என்றார் கடைக்காரர், பதமாக.

"தெரியுதுங்க. பாட்டுதான் ஒரு பக்கமா வர மாட்டேங்குது."

பிறகு தீர்ப்பு சொன்னாள். "மொத ஜோடியில பாடறவங்களுக்கு ஜலதோஷம் புடிச்சிருக்கு. ரெண்டாவதுல தபேலாவ மெத்தையில வெச்சு அடிக்கறாங்க. வெளக்கு எரியுதே, அது வெளக்கு எரியறதுக்குத்தான் லாயக்கு."

நான் மூன்றையும் கேட்டிருந்தேன். மூன்றும் எனக்கு ஒரே மாதிரிதான் இருந்தன, மூன்றாவது மட்டும் கொஞ்சம் அழகாக. ஆனால் அவள் சொன்ன பிறகு கேட்டால், பாடகிக்கு நிஜமாகவே மூக்கு அடைத்திருந்தது.

அவள் கடைக்காரரிடம், "ஒண்ணு மட்டும் தருவீங்களா?" என்றாள்.

"ஒண்ணா? ஜோடி செருப்புல ஒண்ணு கேக்கற மாதிரி இருக்குதே மேடம்."

"ஒத்தக் கால் ஆளு வந்தா இன்னா பண்ணுவீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பாவம், அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "ஒரு பொட்டியில பாதி பாட்டுதான் மேடம் வரும். மீதி அந்தப் பொட்டியில இல்ல இருக்குது?"

அவள் யோசித்தாள். பிறகு என் ஆசை முகத்தைப் பார்த்து, விளக்கு எரிகிற ஜோடியைக் காட்டி, "உங்களுக்குப் புடிச்சிருந்தா எடுத்துக்கலாங்க. நான் எப்பவும்போல ரெண்டு தடவ கேட்டுக்கறேன்" என்றாள்.

பர்சை எடுக்கப் போன கை அப்படியே பாக்கெட்டில் நின்றுவிட்டது. "வீட்டுல கலந்து பேசிட்டு வரோம்" என்றேன். வீடே அங்கேதான் நின்றுகொண்டிருந்தது.

அந்த வாரமே ஆசிரமம் பக்கத்து டீக்கடையில் ஒரு சீட்டு ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். மாசி கடந்து வெயில் ஏற ஆரம்பித்தால் ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள் ஊருக்குக் கிளம்புவார்கள். மெத்தை, சைக்கிள், அடுப்பு எல்லாம் விலைக்கு வரும். அந்தச் சீட்டில் ஸ்பீக்கரும் இருந்தது. மனைவியைக் கூட்டிக்கொண்டு போய், செங்கம் ரோடு சந்து ஒன்றில் அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். வீட்டுக்கார அம்மா எங்களை மாடிக்கு அழைத்துப் போனார்.

"ஒண்ணு சொல்லிடறேன். அவரு மவுனம். ஒரு மாசமா பேசறதில்ல. இன்னா கேக்கணுமோ கேளுங்க, நான் சொல்றேன்."

பாட்டுப்பெட்டி விற்கிற ஆள் மௌன விரதம். இந்த ஊரில்தான் இப்படியெல்லாம் வாய்க்கும்.

அறையில் ஒரு பாய், ஒரு கொசுவலை, ஒல்லியாக ஒரு வெள்ளைக்காரர். சுவரோரம் இரண்டு மரப்பெட்டிகள், அரிசிப் படியைவிடக் கொஞ்சம் பெரிசு. விளக்கு இல்லை. எனக்கு ஏமாற்றம். ஆனாலும் பழக்க தோஷம், பாட்டைக் கேட்பதற்கு முன் விலையைக் கேட்டேன். அவர் சிலேட்டில் எழுதிக் காட்டினார். நான் குறைத்துச் சொன்னேன். அவர் புன்னகைத்தார். இன்னும் குறைக்கச் சொல்லலாமா என்று யோசித்தேன். அவர் அப்போதும் புன்னகைத்தார். பேசாத ஆளிடம் பேரம் பேசிப் பாருங்கள், அப்போது தெரியும். நானே கேட்டு, நானே இறக்கி, நானே வெட்கப்பட்டு, நானே ஏற்றி, கடைசியில் சிலேட்டில் இருந்த விலைக்கே வந்து சேர்ந்தேன்.

"மொதல்ல பாட்டக் கேளுங்க" என்றாள் மனைவி. கேசட்டை எடுத்துக் கொடுத்தாள்.

சன்னமாக வைத்தார். ஏற்றச் சொல்லிக் கையைத் திருகிக் காட்டினேன். மாட்டேன் என்று தலையாட்டினார்.

"அவ்ளோதான் வெப்பாரு" என்றார் வீட்டுக்கார அம்மா. "எங்க ஊட்டுக்காரரு குறட்டை இதவிட ஜாஸ்தி."

மனைவி பாயில் உட்கார்ந்தாள். பாடகிக்கு இங்கே ஜலதோஷம் இல்லை போலிருக்கிறது, அவள் முகம் மலர்ந்தது. ஆனால் புல்லாங்குழல் வருகிற இடம் நெருங்கியதும் வழக்கம்போல முகத்தை இடப்பக்கம் நன்றாகத் திருப்பி, நல்ல காதை இடது பெட்டிக்குக் கொடுத்தாள். திரும்பவும் இந்தப் பக்கம். திரும்பவும் அந்தப் பக்கம்.

அந்த மனிதர் அவளையே கவனித்துக்கொண்டிருந்தார். தன் காதைத் தொட்டுக் காட்டி, புருவத்தை உயர்த்தினார். அவள் தன் இடது காதைத் தொட்டு, கையை விரித்தாள். இவளுக்கு இங்கிலீஷ் வராது, அவருக்குத் தமிழ் தெரியாது. போதாக்குறைக்கு மௌனம் வேறு. வாய் நிறையப் பேசுகிற நானும் வீட்டுக்கார அம்மாவும் அந்த அறையில் வேலையில்லாமல் நின்றோம்.

அவள் திடீரென்று எழுந்தாள். இடப்பக்கத்துப் பெட்டியைத் தூக்கினாள். வயர் நீளும்வரை இழுத்துக்கொண்டு வந்து வலப்பக்கத்துப் பெட்டியின் தலையில் வைத்தாள். கடையில் ஒற்றைப் பெட்டி கேட்டவள், கடைக்காரர் சொன்ன பதிலை அன்றிலிருந்து மனதுக்குள் உருட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"அய்ய, அப்படி வெக்கக் கூடாதும்மா, சார் கோச்சிக்கப் போறாரு" என்றார் வீட்டுக்கார அம்மா.

சார் கோபித்துக்கொள்ளவில்லை. கண்கள் பெரிதாக, எழுந்து வந்து அவளுக்கு ஒரு கும்பிடு போட்டார். பிறகு ஆம்ப்ளிஃபையரில் ஒரு குட்டிப் பொத்தானை அமுக்கினார். இரண்டு பக்கத்துப் பாட்டையும் ஒன்றாகக் கலந்து இரண்டு பெட்டிக்கும் அனுப்புகிற பொத்தான் அது என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. கேசட்டை முதலுக்கு ஓட்டினார்.

பாட்டு ஆரம்பித்தது. அவள் பெட்டிகளுக்கு வலது தோளைக் காட்டி, ஜன்னலில் தெரிந்த மலையைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். வயலின்கள் வந்தன. அவள் திரும்பவில்லை. சரணம் முடிந்தது. புல்லாங்குழல் வந்தது. நானே சொல்கிறேன், அவ்வளவு சன்னமான சத்தத்தில் எனக்கே கேட்டது. அவள் தலை அசையவேயில்லை. மடியில் இருந்த விரல்கள் மட்டும் ஒவ்வொன்றாகத் தாளம் போட ஆரம்பித்தன.

பாட்டு முடிந்தது. பழக்கத்தில் நான் குனிந்து கேசட்டைத் திரும்ப முதலுக்கு ஓட்டப் போனேன்.

"எதுக்குங்க?" என்றாள் அவள். "அதான் கேட்டாச்சே. வேற பாட்டு போடுங்க."