குத்துவிளக்கு நின்ற இடம்

பனிக்காலத்துச் சனிக்கிழமைகளில் புத்தியுள்ளவர்கள் போர்வைக்குள் கிடப்பார்கள். உதயகுமாரி அக்கா அன்றைக்குத்தான் கமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒஸ்லோத் தெருக்களில் போய் நிற்பார். நகர ஓரத்து ஹவுகன்ஸ்டுவாவில் அவருடைய வீட்டுக் கதவும் எங்கள் வீட்டுக் கதவும் எதிரெதிரே இருக்கின்றன. முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் இருவருக்கும் ஒரே வேலை. அதனால் அவரைத் திட்டும் உரிமை எனக்கு உண்டு என்று நானே எடுத்துக்கொண்டேன்.

கமரா பழைய சாமான் கடையில் வாங்கியது. பட்டரிகூடக் கிடையாது, பிலிம் போட்டுத்தான் எடுக்கவேண்டும். உறைகுளிரில் பிலிம் அப்பளம் மாதிரி ஆகிவிடுமாம். சுற்றும் பிடியைப் படக்கென்று இழுத்தால் உள்ளே முறிந்துபோகும் என்று, குழந்தைக்குத் தலை வாருவதுபோல் மெதுவாகச் சுற்றுவார். படங்கள் நன்றாகத்தான் இருக்கும். பூட்ஸ் போட்ட நாய், பஸ் தரிப்பிடத்தில் தோள்களைக் குறுக்கிக்கொண்டு நிற்கும் சனம், வழுக்காமலிருக்க நடைபாதை ஐஸின்மேல் கல்லுத்தூள் கொட்டும் மனிதர். நம்மவர்கள் பார்த்துவிட்டு, "பனியைப் படம் பிடிச்சு என்ன காணப்போறாய், உதயா?" என்று கேட்பார்கள். பிறந்தநாள் விழாவுக்குப் படமெடுக்கக் கூப்பிட்டாலும் அவர் போகமாட்டார்.

"கையிலை ஃபோன் இருக்கேக்கை இந்தப் பழஞ்சாமான் என்னத்துக்கு அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஃபோனிலை எடுத்தால் பிறகு ஆரையும் தூக்கி எறியலாம். இதிலை ஏலாது. நிண்டவை நிண்டவைதான்."

அப்போதுதான் ஒரு கலியாண அல்பத்தின் கதையைச் சொன்னார்.

மகள் சாருகாவின் கலியாணத்துக்கு மகன் ஹரிசன் லீசாவோடு வந்திருந்தான். லீசா நோர்வேக்காரப் பெண். இருவரும் கலியாணம் கட்டாமல் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். இந்த நாட்டில் அது புதினமில்லை. அன்று காலையில் அவளுக்குச் சேலை உடுத்திவிட்டதே உதயகுமாரி அக்காதான். கொசுவத்தை மடித்து ஊசி குத்தி, "வடிவாய் இருக்கிறாய்" என்றும் சொன்னார். பிறகு எல்லோரும் சேர்ந்து குடும்பப் படம் எடுத்தார்கள்.

அல்பத்தின் ஒரு பிரதியைக் கனடாவிலுள்ள சொந்தக்காரருக்கு அனுப்பவேண்டிய நேரம் வந்தபோது அக்காவுக்குப் பயம் பிடித்துவிட்டது. தாலி கட்டாத பிள்ளை குடும்பத்துக்கு நடுவில் நிற்கிறாளே, சொந்தக்காரர் என்ன கதைப்பார்கள்? படமெடுத்த மகேந்திரராசாவிடம் போய், "அந்தப் பிள்ளையை மட்டும் படத்திலையிருந்து எடுத்துவிடுங்கோ" என்றார். லீசா நின்ற இடத்தில் ஆளுயரக் குத்துவிளக்கு ஒன்று வந்து நின்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. மகேந்திரராசா கெட்டிக்காரர்தான். ஆனால் ஹரிசனின் சட்டைக் கையைப் பிடித்திருந்த லீசாவின் மூன்று விரல்களைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்.

ஹரிசன் ஒருநாள் தனியாக வந்து அல்பத்தைப் புரட்டினான். குடும்பப் படம் இருந்த பக்கத்தில் நிறுத்தினான்.

"அவ என்ன, விளக்கே அம்மா?" என்று மட்டும் கேட்டான். ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு போனவன் பிறகு வரவில்லை. தொலைபேசியும் எடுப்பதில்லை. லீசாவுக்கு இந்த விஷயத்தை அவன் சொல்லவே இல்லையாம். சொன்னால் தாங்கமாட்டாள் என்று தங்கைக்காரியிடம் சொன்னானாம்.

அக்காவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இரண்டு பேரும் சேர்ந்து நிற்கும் ஒரு படம். அந்த விளக்கை மறைத்து அதே பக்கத்தில் ஒட்டவேண்டும். "ஒட்டிப்போட்டு, கனடாவுக்கு நானே கொண்டுபோய்க் காட்டுவன்" என்றார். அவர்கள் குருனர்லொக்காவில் இருக்கிறார்கள், சனிக்கிழமை காலையில் டிராம் தெரு மூலையிலுள்ள பேக்கரிக்கு வருவார்கள் என்று சாருகா வாய்தவறிச் சொல்லிவிட்டாள். கோடையில் போய் நின்றால் மகன் கண்டுபிடித்துவிடுவான். பனிக்காலத்தில் தொப்பியும் சால்வையும் போட்டால் மிஞ்சுவது இரண்டு கண்கள்தானே! காத்திருந்த நேரத்தில் எடுத்தவைதான் அந்த நாயும் பஸ் சனமும். அவர்கள் வந்த நாள்களில் கமராவைக் கண்வரை தூக்கிவிட்டுக் கீழே இறக்கிவிடுவார்.

கடைசியாகப் போனபோது நானும் கூடப் போனேன். மூக்குமயிரே உறைகிற குளிர். தேநீர்ப் போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவரையும் இந்த நாட்டையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் வந்தார்கள். லீசா ஏதோ சொல்ல ஹரிசன் சிரித்தான். சிரித்ததில் இருவருடைய சால்வைகளும் கீழே இறங்கியிருந்தன. அக்கா எடுத்துவிட்டார். கமராவின் சத்தம் எனக்கே கேட்டது.

லீசா கவனிக்காமல் பேக்கரிக்குள் போய்விட்டாள். ஹரிசன் திரும்பி எங்களிடம் வந்தான். நோர்வேஜிய மொழியில் மிகவும் மரியாதையாக, எங்களைப் படம் எடுத்தீர்கள்போல, தயவுசெய்து அழித்துவிடுங்கள் என்றான்.

அக்கா சால்வையை இறக்கினார்.

"தம்பி, இது பிலிம். அழிக்கேலாது."

அவன் முகம் இறுகியது. "அழிக்கிறது உங்களுக்குத் தெரியாத வேலையே, அம்மா?"

"தாயோடை கதைக்கிற கதையே இது?" என்று நான் பாய்ந்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டுக் கமராவின் முதுகைத் திறந்தார். பிலிமை அந்த வெளிச்சத்தில் முழுவதுமாக உருவி அவனுக்குக் காட்டினார். வெளிச்சம் பட்டு எல்லாப் படமும் போயிற்று.

"இந்தா. ஒண்டும் இல்லை."

அவன் பார்த்துக்கொண்டு நின்றான். நான் அந்தச் சுருளை என் பைக்குள் திணித்தேன். எனக்கு அழுகை வந்தது, ஆத்திரத்தில்தான். அக்கா கமராவை மூடினார்.

அதற்குள் லீசா பாண் பையோடு வெளியே வந்தாள். கண்டவுடனே "உதயா!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டாள். இத்தனை நாளாக ஏன் கதைக்கவில்லை, இந்தக் குளிரில் என்ன செய்கிறீர்கள் என்று கேள்விமேல் கேள்வி. கழுத்தில் தொங்கியதைப் பார்த்தாள்.

"பிலிம் கமராவா? எங்களை ஒரு படம் எடுங்கள். அந்தக் கலியாணப் படம் எங்களுக்கு வந்து சேரவே இல்லை" என்றாள்.

அக்கா மகனைப் பார்த்தார். அவன் மாட்டேன் என்று சொல்லுவான் என்று நினைத்தேன். சொல்லவில்லை. லீசாவின் பக்கத்தில் வந்து நின்றான். அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஹரிசன் சிரித்தான். நல்ல சிரிப்பு. உள்ளே பிலிம் இல்லை என்று தெரிந்த சிரிப்பு. தெரியாதவள் லீசா ஒருத்திதான்.

அக்கா முறிந்துவிடக்கூடாது என்பதுபோல் பிடியை மெதுவாகச் சுற்றினார். தூரம் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எவ்வளவு நேரம் பார்க்கமுடியுமோ அவ்வளவு நேரம் பார்த்துவிட்டுப் பொத்தானை அமத்தினார்.

"எங்களுக்கும் ஒன்று அனுப்புவீர்களா?" என்று லீசா கேட்டாள். அக்கா தலையாட்டினார். அவர்கள் போனார்கள். ஹரிசன் திரும்பிப் பார்க்கவில்லை. லீசாதான் திரும்பிக் கை காட்டினாள்.

ரயிலில் எனக்குப் பொறுக்கவில்லை. "பிலிம் இல்லையெண்டு அவளுக்கு ஏன் சொல்லேல்லை? அவள் படம் வருமெண்டு பாத்துக்கொண்டிருக்கப் போறாள்!"

உதயகுமாரி அக்கா வெறும் கமராவை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

"என்னெண்டு சொல்லுறது? ரெண்டாந்தரமும் உன்னை அழிச்சுப்போட்டன் எண்டே?"