புகாரே வராத லிஃப்ட்

என் சித்தப்பா ஒரு லிஃப்ட் கம்பெனியில் புகார்ப் பிரிவு மேலாளர். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் அவசரப் பொத்தானை அழுத்தினால் அவர் மேசையில் இருக்கும் போன் அடிக்கும். அந்தச் சத்தம் தலைவலி தருகிறதென்று, வேலையில் சேர்ந்த புதிதிலேயே போனின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அங்கே மேசை விசிறியைச் செருகினார். பிறகு அதை மறந்தும் போனார். புகார் வராததெல்லாம் தன் நிர்வாகத் திறமைதான் என்று மனதார நம்பினார்.

முதலாளியும் அப்படியே நம்பினார். சித்தப்பாவைப் பொது மேலாளராக அறிவிப்பதற்காக, சித்தி, நான் உட்பட எங்கள் எல்லோரையும் அவரே லிஃப்டில் மேல்மாடிக்கு அழைத்துப் போனார். பாதி வழியில் லிஃப்ட் நின்றுவிட்டது.

சித்தப்பா பொத்தானை அழுத்து அழுத்தென்று அழுத்தினார். பதிலே இல்லை.

"ஏங்க, அந்த போனை யார் எடுக்கணும்?" என்றாள் சித்தி.

"நான்தான்."

"ரொம்ப நல்லா இருக்கு!"

முதலாளியின் முகம் கறுத்தது. வந்த பதவி வாசலோடு திரும்பிவிடும் போலிருந்தது. சித்தப்பாவோ கொஞ்சமும் அசரவில்லை.

"சார், நல்லா யோசிச்சுப் பாருங்க. நாமளே உள்ள மாட்டிக்கிட்டு நிக்கிறோம். இப்பகூட ஒரு புகார் பதிவாகியிருக்கா?"

முதலாளி உண்மையிலேயே யோசித்தார்.

"அதானே! நீங்கதான்யா பொது மேலாளர்" என்று கை குலுக்கினார்.

நான் கை தட்டினேன். சித்தி கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.