நடக்காமல் வந்த செருப்புகள்

சி.பி.ஐ. அலுவலகம் எங்கள் தில்லியில் லோதி ரோட்டில்தான் இருக்கிறது. பாவம், அவர்களுக்கு எதற்கு அவ்வளவு மாடி, அவ்வளவு ஜீப், அவ்வளவு நாய்? வசுமதி மேடத்தைக் கூப்பிட்டு வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்க்கச் சொன்னால் போதும். நாட்டில் தீராத வழக்கெல்லாம் ஒன்றரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். மிச்ச நேரத்துக்கு எல்லாரும் வீட்டுக்குப் போய் டீ குடிக்கலாம்.

மாலை ஐந்தே முக்காலுக்கு மேடம் பஸ்ஸிலிருந்து இறங்கி, அரசுக் குடியிருப்பின் சமூகக்கூடத்து வாசலில் வந்து நிற்கிறார். ஒரு கையில் காலி டிபன் பை, இன்னொரு கையில் பச்சை அட்டைப் பதிவேடு. உள்ளே மாலை வகுப்புக்கு நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம். அவர் எங்களைப் பார்ப்பதில்லை. வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்க்கிறார்.

"உஷாராணி வரல. செந்தில்குமார் அவங்க அண்ணன் செருப்ப மாட்டிட்டு வந்திருக்கான். லே, அண்ணன் வெறுங்காலோடயா வேலைக்குப் போனான்?"

பெயர் கூப்பிட்டு டிக் அடிப்பதெல்லாம் அதற்கப்புறம்தான். அது சும்மா கவர்மென்ட் வழக்கத்துக்காக.

ஒரு நாள் நான் எல்லாச் செருப்பையும் ஜோடி மாற்றிக் கலைத்துப் போட்டுப் பார்த்தேன். மேடம் குனியக்கூட இல்லை. "இடது குதிங்கால் தேஞ்சது சிவஞானம். பெருவிரல்ல பள்ளம் விழுந்தது இந்தக் கோட்டிக்காரன்" என்று என்னைக் காட்டினார். அன்று வகுப்பு முடிந்து வெளியே வந்தால், ஊக்கு குத்தி ஓட்டிக்கொண்டிருந்த என் செருப்பு வாரில் புதுத் தையல். யார் தைக்கக் கொடுத்தது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மேடம் ஒரு மத்திய அமைச்சகத்தில் அப்பர் டிவிஷன் கிளார்க். தில்லிக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகியும் நாக்கு இன்னும் திருநெல்வேலி ஜங்ஷனில்தான் நிற்கிறது. நடுவில் ஒரு 'அச்சா' மட்டும் ஏறிக்கொண்டது. ரயில் தண்டவாளத்து ஓரத்து ஜுக்கிக் குடிசைகளில் தமிழ்ப் பிள்ளைகள் எட்டாவதோடு நின்றுவிடுகிறார்கள் என்று ஒரு டிரஸ்டுக்கு எழுதி எழுதி, மூன்றாவது வருடம் கிராண்ட் பணம் வாங்கினார். எங்களுடைய பள்ளிப் பீஸ், பஸ் பாஸ், பரீட்சைக் கட்டணம், இந்த மாலை வகுப்பு எல்லாம் அதிலிருந்துதான். நிபந்தனை ஒன்றே ஒன்று. வருடம் ஒருமுறை டிரஸ்டு அதிகாரி வரும் நாளில் நாற்பது பேரில் முப்பத்தைந்து பேராவது இருக்க வேண்டும். குறைந்தால் அடுத்த வருடம் கிராண்ட் கிடையாது. அப்புறம் பாதிப் பேர் பழவண்டிக்கும் மீதிப் பேர் பாத்திரம் தேய்க்கவும் போகவேண்டியதுதான்.

யாராவது வராவிட்டால் அன்றே மேடம் அவர்கள் வீட்டுக்குப் போவார். திட்டமாட்டார். பதிவேட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றுவார். உஷாராணி நின்றபோது அவள் அப்பாவைப் பார்க்க நானும் டார்ச் பிடித்துக்கொண்டு கூடப் போனேன்.

"ஏகாம்பரம், பிள்ளை வரல. ரிமார்க்ஸ்ல என்னன்னு எழுத?"

"அது வந்து மேடம்... தம்பிய யாரு பாத்துப்பா?"

"அச்சா. அப்படியே எழுதுதேன். 'தம்பியை யார் பார்த்துக்கொள்வார் என்று அப்பா கேட்டார்.' சரியா? இது டிரஸ்டு ஆபீஸ் வரைக்கும் போகும்."

ஏகாம்பரம் தலையைச் சொறிந்தார். "அதயெல்லாமா எழுதுவீங்க? அடிச்சிடுங்க மேடம். நாளைக்கு அனுப்புறேன்."

"எழுதினத அடிக்கப்படாது. பக்கத்துல வேணா எழுதலாம்." மறுநாள் அந்த வரிக்குப் பக்கத்தில் 'வந்தாள். தம்பியும் வந்தான்' என்று எழுதினார். தம்பி அன்று முழுக்க அவர் மடியிலேயே தூங்கினான்.

இந்தத் தை மாதம் அதிகாரி வரும் நாள் கல்யாண சீசனில் மாட்டிக்கொண்டது. பெரிய பந்தல்களில் தட்டு கழுவ ஒன்பது பேர் போய்விட்டார்கள். மிச்சம் முப்பத்தொன்று. அதிகாரி ராஜகோபாலன் சார் போன வருடமே செருப்பு எண்ணும் முறை பிடித்துப்போய், வாசலிலேயே எண்ணிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர். அந்தத் தைரியத்தில் செந்தில்குமார் சாக்கோடு வெளியே நிற்க, நான் வராதவர்கள் வீடுகளில் நாலு ஜோடி பழைய செருப்பு கேட்டு வாங்கினேன். சாக்கில் போட்டுக் கொண்டுவந்து, குவியலோடு குவியலாக வைத்துவிட்டு உள்ளே போய் நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்தோம்.

ராஜகோபாலன் சார் எண்ணி முடித்தார். "தர்ட்டி ஃபைவ். பர்ஃபெக்ட், மேடம்."

மேடம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "முப்பத்தொண்ணுதான் சார்."

"நானே எண்ணினேனே?"

"மத்தியானத்துல இருந்து மழை. எல்லாச் செருப்புலயும் சேறு. இந்த நாலு ஜோடி மட்டும் காஞ்சு கிடக்கு. இது நடக்காம வந்த செருப்பு."

செந்தில்குமார் என் தொடையைக் கிள்ளினான். மேடம் பதிவேட்டை நீட்டினார். சார் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், படிக்க வராது. மேடம் திரும்பி என்னைக் கூப்பிட்டார். "நீ வாசிலே."

வாசித்தேன். 'ஐந்து நாள் தட்டு கழுவினால் கம்பளி வாங்கலாம் என்று அம்மா சொன்னாள்.' 'அப்பாவுக்குக் காய்ச்சல், வண்டியை இவன்தான் தள்ளினான். எட்டு நாள் கழித்து வந்தான்.' ஒவ்வொரு வீட்டு வாயிலிருந்தும் விழுந்தது அப்படியே இருந்தது. நடுவில் என் பெயர் வந்தது. 'காரணம் சொல்லவில்லை. வாசலில் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். மூன்றாம் நாள் வந்தான்.' அந்த வரியை மட்டும் கொஞ்சம் வேகமாக வாசித்துவிட்டேன். வருடத் தொடக்கத்திலிருந்து, வராமல் நின்ற ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் கடைசியில் ஒரு 'வந்தாள்', ஒரு 'வந்தான்'. இந்த ஒன்பது பேருக்கு மட்டும் அந்த இடம் இன்னும் காலி.

"மத்த சென்டர்ல எல்லாம் ஹண்ட்ரட் பர்சென்ட்னு காட்டுவா" என்றார் ராஜகோபாலன் சார். "வராதவா ஏன் வரலேன்னு யாரும் காட்டினதில்லை." பதிவேட்டை ஜெராக்ஸ் எடுக்க வாங்கிக்கொண்டு போனார்.

அன்றைக்கு அந்த நாலு ஜோடியையும் மேடம் டிபன் பையில் போட்டுக்கொண்டு ஜுக்கிப் பக்கம் போனார். யார் வைத்தது என்று கேட்கவே இல்லை.

மூன்று வாரம் கழித்து, நேற்று, கடிதமும் பதிவேடும் சேர்ந்து வந்தன. கிராண்ட் தொடர்கிறது. முப்பத்தைந்து என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு, காரணம் எழுதும் பத்தியை எல்லா சென்டருக்கும் கட்டாயம் ஆக்கிவிட்டார்களாம். மேடம் அதை எங்களுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினார். ஒன்பது காலி இடங்களில் எட்டில் 'வந்தாள்', 'வந்தான்' எழுதினார். ஒன்பதாவது பெண்ணின் வீட்டுக்கு அன்றே போகவேண்டும் என்றார்.

நான் தப்பித்தேன் என்று சந்தோஷமாகச் செருப்பை மாட்டக் குனிந்தபோது, என் மூக்குக்குக் கீழே பச்சைப் பதிவேடு விரிந்தது. அதிகாரி வந்த நாளின் பக்கம். என் பெயருக்கு நேரே டிக் மட்டும், ரிமார்க்ஸ் காலி. வந்த பிள்ளைக்கு மேடம் எதுவும் எழுதுவதே இல்லை.

"செருப்பு குடுத்த நாலு வீட்டு அம்மாவும் ஒன் பேரத்தான் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு, பேனா மூடியைக் கழற்றினார். "சொல்லு. ரிமார்க்ஸ்ல என்னன்னு எழுத?"